முப்பத்தைந்து வயதில் அரிச்சுவடி

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மன்றத்து நண்பர்கள் பலருக்கும் பழக்கமான இரயில் பாதை அது. ஐதராபாத்தில் மாலையில் வண்டி ஏறினால், காசிப்பேட்டையும் வாரங்கலும் கடந்து, விசயவாடா வருமுன் ஒரு சந்திப்பு நிலையம் வரும். தோர்ணக்கல் என்று மும்மொழியிலும் எழுதிய மஞ்சள் பலகை ஒன்று சன்னலோரம் வந்து போகும். நம்மில் பெரும்பாலோர் அப்போது போர்வைக்குள் இருப்போம். நானும் இரண்டாண்டுக் காலம் அப்படித்தான் உறங்கிக்கொண்டே அந்த ஊரைக் கடந்தேன். அங்கே 35 ஆண்டுக்கு மேல் உழைத்து மறைந்த ஒரு திருநெல்வேலித் தமிழரை நான் அறியவில்லை. அவரை எனக்கு அறிமுகம் செய்தவர் என் தந்தையார். ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன், பொறுத்தருள்க.

இடுக்கி மாவட்டம் பீருமேட்டுத் தாலுகாவில், வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். அம்மா பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தவர். இரண்டும் கேரளத்து ஊர்கள். இரண்டிலும் வீட்டு மொழி தமிழ். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் லயத்துச் சிறு கோயிலில் அவரே உபதேசியார். சம்பளம் இல்லாத வேலை அது. இறந்தவரைப் புதைக்கவும், பிறந்தவருக்கு ஜெபிக்கவும், குடித்துவிட்டு அடித்துக்கொள்ளும் கணவன் மனைவியைச் சமாதானம் செய்யவும் அவரைத்தான் அழைப்பார்கள். ஆனால் திருமுழுக்குக் கொடுக்கவும், நற்கருணை வழங்கவும் அவருக்கு உரிமையில்லை. அதற்குக் குருப்பட்டம் பெற்ற ஐயர் மலையேறி வரவேண்டும். மழைக்காலத்தில் அவர் வருவது அரிது.

46ஆம் வயதில் அப்பா தபால்வழியில் இறையியல் படிக்கத் தொடங்கினார். பறித்த கொழுந்து மாடியில் வாடிக்கொண்டிருக்கும் இரவு நேரத்தில், தொழிற்சாலை விளக்கடியில் உட்கார்ந்து கிரேக்க எழுத்துகளை எழுதிப் பழகினார். நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்த அதே மாதத்தில் அவருக்கும் தேர்வு! நான் தேறினேன், அவர் ஒரு தாளில் தவறினார். எனக்கு அப்போது நேர்ந்தது இரக்கமன்று, கூச்சம். நண்பர்களிடம் சொல்லவில்லை. இந்த வயதில் இது எதற்கு என்று அம்மாவிடம் சலித்துக்கொண்டேன். அம்மாவின் கவலை வேறு. முழு நேரப் பணிக்குப் போவதானால் தோட்ட வேலையை விடவேண்டும். வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விடவேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். வேலையோடு கூரையும் போய்விடும்.

அப்பா வாதாடவில்லை. தம் பாடப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். தலைப்பாகை கட்டிய ஒரு தமிழர், மார்பில் சிலுவை. பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இவரைப் பற்றிப் படித்துப் பார் என்று மட்டும் சொன்னார். படித்தேன். படித்ததை என் சொற்களிலேயே இங்கே எழுதுகிறேன்.

திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலும் பனைமரமும் சூழ்ந்த சிற்றூர் வெள்ளாளன்விளை. அங்கே 1874 ஆகஸ்டு 17இல் அசரியா பிறந்தார். தந்தை தாமசு வேதநாயகம் அவ்வூர்க் குருவானவர். மூத்த பெண் பிறந்து பல்லாண்டு கழித்தும் அடுத்த பிள்ளை இல்லாமல், தாய் எல்லன் வேண்டிப் பெற்ற மகன் இவர். விவிலியத்து அன்னாள் தன் மகனுக்கு இட்ட பெயரையே அவரும் இட்டார். நாடார் குடும்பம். பனையேறிகள் என்று தள்ளி வைக்கப்பட்டு, கோயில் வாசலும் மறுக்கப்பட்டிருந்த சமுதாயம் அது. அசரியா பிறப்பதற்குப் பதினைந்தாண்டு முன்புதான் தென் திருவாங்கூரில் தோள்சீலைப் போராட்டம் முடிவுக்கு வந்திருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னாளில் இவர் உயர்ந்தபோது முகம் சுளித்தவர்கள் வெள்ளையர் மட்டுமல்லர்.

மெய்ஞ்ஞானபுரத்துப் பள்ளியிலும் திருநெல்வேலிக் கல்லூரியிலும் படித்துவிட்டுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு வந்தார். அப்போது அக்கல்லூரி தாம்பரத்தில் இல்லை. நகருக்குள்ளேயே, உயர்நீதிமன்றத்தின் பக்கத்தில் இருந்தது. வில்லியம் மில்லர் முதல்வராயிருந்த காலம். அசரியாவின் பாடம் கணிதம். இறுதித் தேர்வு நெருங்கியபோது நோயில் விழுந்தார், தேர்வு எழுதவில்லை. பின்னரும் எழுதவில்லை! பட்டம் இல்லாமலே கல்லூரியைவிட்டு வெளியேறினார். தேர்வுக் கட்டணம் கட்டும் வரிசையில் நிற்கும் நமக்கு இச்செய்தி சற்று ஆறுதல் தரக்கூடும். ஆனால் அவசரப்பட வேண்டா. 1920இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் இவரை அழைத்துச் சட்டத்துறை மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது. நமக்கு அப்படி யாரும் தரப் போவதில்லை.

1895இல், 21 வயதில், ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறித்தவ இளைஞர் சங்கத்தில் செயலாளராகச் சேர்ந்தார். 1909 வரை அதுவே வேலை. தென்னாடு முழுவதும் இரயிலிலும் வண்டியிலும் சுற்றி, கல்லூரி விடுதிகளில் மாணவரோடு தங்கி, கூட்டம் நடத்தி, சங்கக் கிளைகளைக் கட்டினார். 1896இல் அமெரிக்காவிலிருந்து வந்து தமிழ் கற்ற சேர்வுட் எட்டி அவருக்கு உற்ற நண்பரானார். சேலத்துக்காரரான கே.டி. பால் மற்றொரு நண்பர். 1898இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். பெண்கள் கல்லூரியில் கால் வைப்பதே அரிதான அந்நாளில் கல்லூரிக் கல்வி பெற்றவர் அவ்வம்மையார்.

1902இல் ஈழத்து யாழ்ப்பாணத்துக்குப் போனார். அந்தப் பயணம் அவரை உறுத்தியது. யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்து, காசு சேர்த்து, கடல் கடந்து நம் தமிழ்நாட்டுக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியர் அனுப்பியிருந்தார்கள். திருநெல்வேலித் திருச்சபையோ நூறாண்டு கண்டது, எண்ணிக்கையில் பெரியது. ஆனால் வெளியே ஓர் ஆளையும் அனுப்பியதில்லை. பெற்றுக்கொள்ள மட்டுமே பழகிய கை அது. ஊர் திரும்பிய அசரியா சும்மா இருக்கவில்லை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிசனெரிச் சங்கம் தொடங்கியது. நிருவாகம், பணம், ஆள் மூன்றும் இந்தியருடையவையாகவே இருக்கவேண்டும் என்பது அதன் விதி. சங்கம் தேர்ந்த இடம் நிசாம் நாட்டிலிருந்த தோர்ணக்கல். 1905 கிறித்துமசு நாளில் வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிசனெரிச் சங்கமும் பிறந்தது. அதற்கும் அசரியாவே முதல் செயலாளர்.

இப்படிப் பார்த்தால் 1907, 1908 வாக்கில் அவருக்கு என்ன குறை? தோக்கியோ மாநாட்டுக்குப் போய் வந்துவிட்டார். இந்தியா முழுவதும் பெயர் தெரியும். மாதச் சம்பளம், வீடு, பிள்ளைகள் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு முள் அவருக்குள் இருந்தது. தோர்ணக்கல்லுக்குப் போங்கள், காய்ச்சல் காட்டுக்குப் போங்கள் என்று இளைஞரை அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். தாம் மட்டும் ஏன் போகவில்லை? இக்கேள்வியைப் பிறர் கேட்டதைவிட அவரே தம்மைக் கேட்டுக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது. சென்னை அத்தியட்சராயிருந்த என்றி வொயிட்கெட்டும் ஊக்கினார். 1909இல், முப்பத்தைந்தாவது வயதில், குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டார்.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேடையில் ஆங்கிலமும் தமிழும் ஆறாகப் பாயப் பேசியவர், தெலுங்கு நாட்டில் வாய் திறக்க முடியாதவரானார். குழந்தை போல அ, ஆ என்று எழுதிப் பழக வேண்டியதாயிற்று. ஐதராபாத்துக்கு வந்த முதல் மாதம் கடைக்காரரிடம் தயிர் கேட்கத் தெரியாமல் விரலை நீட்டி நின்ற நமக்கு அந்த வெட்கம் தெரியும். நமக்கு வயது 18, அவருக்கு 35. நமக்குத் தேவை தயிர். அவரோ அம்மொழியில் மனிதரின் துக்கத்தைக் கேட்டு விடை சொல்லவேண்டும். இறையியலையும் அவர் பெரும்பாலும் பணிக்கிடையிலேயே கற்றார். இரயில் பயணமும், விடுதி அறை விவாதமும், கூட்டம் முடிந்த பின்னிரவும்தான் அவருக்குக் கல்லூரி. அதற்குப் பதினான்கு ஆண்டு ஆயின.

1910இல் எடின்பரோவில் உலக மிசனெரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பேராளர்; ஆசியர் மிகச் சிலர். அவர்களுள் இவர் ஒருவர். மேடையேறி, இந்தியாவில் வெள்ளை மிசனெரிக்கும் இந்திய ஊழியனுக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதை மறைக்காமல் சொன்னார். வீட்டுக்கு அழைப்பதில்லை, கைகுலுக்குவதில்லை, ஒரு மேசையில் உண்பதில்லை என்று எடுத்துரைத்தார். நீங்கள் உயிரையும் தந்தீர்கள், பொருளையும் தந்தீர்கள். இனி எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற கருத்தோடு முடித்தார். அவையில் பலருக்குப் பொறுக்கவில்லை. அன்னிய மண்ணில், அன்னியர் செலவில் கூடிய அவையில், அவர்கள் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டாவா?

1912 திசம்பர் 29. கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கல் அத்தியட்சராக அருட்பொழிவு பெற்றார். தரங்கம்பாடியில் 1733இல் ஆரோன் என்னும் தமிழர் புராட்டஸ்டண்டு திருச்சபையின் முதல் இந்தியக் குருவானார். அதற்கு ஏறத்தாழ 180 ஆண்டு கழித்தே ஆங்கிலிக்கன் திருச்சபையில் ஓர் இந்தியர் அத்தியட்சராக முடிந்தது. எதிர்ப்பு எளிதாக இல்லை. ஓர் இந்தியனின் கீழ் வெள்ளைக் குருமார் எப்படிப் பணிபுரிவது என்றனர் ஒரு சாரார். சாதியை நினைத்து முணுமுணுத்தவர் நம்மவருள்ளும் இருந்தனர். முதலில் சிறிய பகுதி ஒன்றையே ஒப்படைத்தார்கள். பின்னர்தான் மறைமாவட்டம் விரிந்தது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது அதற்குப் பிந்திய முப்பதாண்டைப் பற்றித்தான். மாநாடுகளைப் பற்றி எழுதுவோர் பலர் இதை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கோ இதுவே உயிர்நிலையாகப் படுகிறது.

அவரிடம் வந்த மக்களுள் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா வகுப்பார். நிலம் இல்லாதவர், எழுத்து அறியாதவர், ஒரே ஊரில் ஒதுக்கப்பட்டவராயிருந்தும் தங்களுக்குள் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணாதவர். கல்லூரியில் படித்த குருமார் வரட்டும் என்று காத்திருந்தால் நூறாண்டு காத்திருக்கலாம். அசரியா காத்திருக்கவில்லை. ஊரில் உள்ளவனையே எடுத்தார். கூலி வேலை செய்தவன், மாடு மேய்த்தவன், சிறிது எழுதப் படிக்கக் கற்றவன் என்று யாராயினும் ஊர் ஆசிரியனாக்கினார். அவன் பகலில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, மாலையில் பெரியவர்களுக்குப் பாட்டும் ஜெபமும் கற்பித்தான். பணியில் இருந்துகொண்டே படித்தான். தேறியவர்களை அடுத்த படிக்கு ஏற்றி, பல ஆண்டு உழைத்தவர்களுக்குக் குருப்பட்டம் தந்தார். மணமானவர்கள் மனைவியோடு வந்து பயின்றார்கள். அப்பெண்களுக்குக் கற்பிப்பதில் அன்பு அம்மையாரின் பங்கு பெரிது. விரல்விட்டு எண்ணக்கூடிய குருமாரோடு தொடங்கிய மறைமாவட்டத்தில், அவர் காலத்திலேயே இந்தியக் குருமார் நூற்றுக்கு மேலும், ஊர் ஆசிரியர் ஆயிரக்கணக்கிலும் ஆயினர். திருச்சபை மக்கள் 1940களில் இரண்டு இலட்சத்தைத் தாண்டினர்.

மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராகச் சுற்றினார். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் பேய்கள் என்று சொல்லி விரட்டச் சொன்னார். திருமுழுக்குப் பெற்றவனைத் தன் கையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, நற்செய்தியைச் சொல்வது இனி என் கடமை என உறுதி கூறச் செய்வாராம். பட்டம் பெற்றவனுக்குத்தான் ஊழியம் என்ற எண்ணத்தை முதல் நாளே முறிக்கும் வழி அது.

அவர் குறையற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆங்கிலேயரின் வழிபாட்டு நூல் மீதும் சபை ஒழுங்கின் மீதும் அவருக்கிருந்த பற்று எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் கூட்ட மதமாற்றத்தைப் பற்றிக் காந்தியடிகளுக்கும் இவருக்கும் 1930களில் கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. அதில் காந்தியடிகள் பக்கம் நிற்போர் நம் மன்றத்திலும் இருக்கலாம். நான் வாதிட வரவில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. கிறித்தவர்க்குத் தனித் தொகுதி தரும் 1932 வகுப்புத் தீர்ப்பை எதிர்த்தவரும் இதே அசரியாதான். தம் மக்கள் தனியே ஒதுங்கி நிற்பதை அவர் விரும்பவில்லை.

சபைகளெல்லாம் ஒன்றாகவேண்டும் என்பது அவருடைய மற்றொரு கனவு. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய சிறு கூட்டத்தில் அதற்கு வித்திட்டவர்களுள் இவர் முதன்மையானவர். வித்து முளைத்துத் தென்னிந்தியத் திருச்சபையாக எழுந்தது 1947 செப்டம்பர் 27இல். அவரோ 1945 சனவரி முதல் நாளிலேயே தோர்ணக்கல்லில் கண்மூடிவிட்டார்.

இதையெல்லாம் படித்தபின்பும் எனக்கு ஒரு கேள்வி எஞ்சியது. அப்பாவிடம் கேட்டும் விட்டேன். அசரியாவுக்கு எட்டி இருந்தார்; வொயிட்கெட் இருந்தார்; போனால் தங்க ஒரு வீடு கிடைக்கும் என்பது தெரியும். உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, நீ அசரியாவோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கிறாய். நான் என்னை அந்த ஊர் ஆசிரியர்களோடு வைத்துப் பார்க்கிறேன் என்ற பொருளில் ஏதோ சொன்னார். அவர்களுக்கும் யாரும் இல்லை அல்லவா என்று கேட்டுவிட்டு வேலைக்குப் புறப்பட்டுப் போனார். அம்மா அதற்கு உடன்பட்டார் என்று சொல்லமாட்டேன். கொழிஞ்சாம்பாறையில் தம் அண்ணன் வீட்டருகே ஒரு சிறு மனை விலைக்கு வருகிறதா என்று அடுத்த வாரமே விசாரிக்கத் தொடங்கினார்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில், பகல் வண்டி பிடித்துத் தோர்ணக்கல்லில் இறங்கினேன். 1939இல் அருட்பொழிவு செய்யப்பட்ட பேராலயம் இன்றும் நிற்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் மசூதியின் குவிமாடமோ என்று எண்ணத் தோன்றும், நெருங்கினால் கோயில் மண்டபத்துத் தூண்கள், தூணில் தாமரை. ஐரோப்பியக் கோபுரம் எதுவும் இல்லை. கட்டி முடிக்கப் பல்லாண்டு ஆயிற்று. உள்ளே குளிர்ந்த தரையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். காவலர் வந்து தெலுங்கில் எந்த ஊர் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் கேரளம் என்றும், பின் தமிழன் என்றும் சொன்னேன். அவர் சற்றுக் குழம்பினார். பிறகு அத்தியட்சரும் தமிழர்தான் என்று எனக்கே தெரிவித்தார்.

கைப்பேசியில் எடுத்த படங்களை அப்பாவுக்கு அனுப்பினேன். மறுநாள் விடை வந்தது. பேராலயத்தைப் பற்றி ஒரு வரி. தவறிய தாளை இம்முறை எழுதிவிட்டதாகவும், இன்னும் இரண்டு தாள் உண்டு என்றும் மற்றொரு வரி. வரும்போது கோடு போட்ட நோட்டு இரண்டு வாங்கி வா, இங்கே கிடைப்பது மெல்லிய தாள், பேனா மை மறுபக்கம் ஊறுகிறது என்று கடைசி வரி. குமுளிக்கு ஏறுமுன் கம்பத்திலேயே வாங்கிவிட்டேன்.